வீட்டுக் குயில்ட்டுக்கு எளிய மெஷின் தையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் பீரோவைத் திறந்தால் கண்டாங்கிக் கட்டச் சேலை இல்லாத வீடு குறைவு. நைந்த சேலையைக் கழிக்க மனசு வராமல் குயில்ட் போர்வை தைக்கலாம் என்று இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். துணியை வெட்டி இணைப்பது வரைக்கும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அதன்மேல் எந்த டிசைனில் தையல் ஓட்டுவது என்கிற இடத்தில் துணி மடிந்து பரணுக்குப் போய்விடுகிறது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

அக்கா, குயில்ட்டிங் டிசைன்னா என்ன? துண்டுத் துணியை இணைக்கிறதுதானே குயில்ட்?

துண்டுகளை இணைப்பது ஒரு வேலை. அதில் கிடைப்பது மேல்துணி மட்டும். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் அடுக்கி, மூன்றும் சேர்ந்து பிடிக்கும்படி மேலே ஓட்டுகிற தையல்தான் குயில்ட்டிங். அந்தத் தையல் எந்தக் கோட்டில் போகிறதோ அதுதான் டிசைன்.

ஓரத்தை மட்டும் சுற்றித் தைத்து விட்டுவிட்டால் சில சலவையிலேயே பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். அதனால் அடுக்குகள் நகராமல் பிடிப்பதுதான் டிசைனின் முதல் வேலை, அழகு அதற்கு அப்புறம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

எங்கிட்ட ஆயா வீட்டுக் கால் மெஷின்தான் இருக்கு. அதுல முடியுமா, புதுசு வாங்கணுமா?

முடியும். பழைய கறுப்பு மெஷின் நேர்த்தையல் மட்டும்தான் போடும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஊசித்தட்டில் சின்ன வட்டத் துளை ஒன்றே இருப்பதால் தையல் கோடு பிசிறில்லாமல் விழும். கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

இரண்டு மூன்று இடத்தை மட்டும் சரி செய்துகொள்ளுங்கள். பாதத்தின் கம்பிக்கு நேர் மேலே, தலையில் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் பாதம் துணியை அழுத்துவது குறையும், மூன்று அடுக்கும் சுலபமாக நகரும். தையல் நீளம் அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல். ஊசி 14 நம்பர், அடுக்கு தடிமனாக இருந்தால் 16. புது ஊசியாகப் போடுங்கள். ஜாக்கெட் தைத்துத் தேய்ந்த ஊசியோடு ஆரம்பித்துவிட்டு, நூல் அறுகிறது என்று மெஷினைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவில் ஆறேழு அங்குல இடம்தான் இருக்கும். போர்வையைச் சுருட்டித்தான் அதற்குள் நுழைக்க வேண்டும். டிசைன் தேர்ந்தெடுக்கும்போது அந்த இடத்தை மறக்க வேண்டாம். போர்வையைத் திருப்பித் திருப்பித் தைக்க வேண்டிய எந்த டிசைனும் அங்கேதான் உங்களைப் படுத்தி எடுக்கும்.

ஒரே ஒரு டிசைன் சொல்லுங்க, வீடியோ பாத்துப் பாத்து தலை சுத்துது.

இணைக் கோடுகள். மேலிருந்து கீழே நேராக, ஓரத்தில் தொடங்கி எதிர் ஓரத்தில் முடிவது. தையலின் தொடக்கமும் முடிவும் ஓரப்பட்டிக்குள் மறைந்துவிடும், எங்கேயும் முடிச்சுப் போட வேண்டாம். திருப்பம் இல்லை, நடுவில் நூல் வெட்டுவதும் இல்லை.

கண்டாங்கியை முழு அகலமாக வைத்துத் தைப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம், ஏனென்றால் கோடு ஏற்கெனவே நெய்தே இருக்கிறது. கட்டத்தில் தடித்த கோடு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதே நிற நூலில் அதன் நடுவிலேயே ஓட்டுங்கள். தையல் ஒரு நூலிழை அளவு தள்ளிப் போனாலும் அந்தக் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும். மெல்லிய ஒற்றை இழைக் கோட்டின் மேல் ஓட்டாதீர்கள், அதில் கடுகளவு விலகினாலும் தெரியும்.

கைத்தறித் துணி துவைத்துத் துவைத்துச் சற்றுக் கோணியிருக்கும். அப்போது ஸ்கேலை நம்பாமல் துணியின் கோட்டை நம்புங்கள். கண் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான், ஸ்கேல் சொன்ன நேரை அல்ல.

ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எவ்வளவு விடணும்?

இதற்குப் பதில் மேல்துணியில் இல்லை, நடுவில் என்ன வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. கடையில் வாங்கும் பஞ்சு ஷீட்டின் உறையில் அதிகபட்ச இடைவெளி போட்டிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். எதுவும் போடாத சாதாரணப் பருத்திப் பஞ்சு ஷீட் என்றால் 3 அங்குலம், மிஞ்சினால் 4. பாலியஸ்டர் ஷீட் இழுத்துப் பார்த்தால் பிரியாமல் கெட்டியாக இருந்தால் 5, 6 அங்குலம் கூடத் தாங்கும்.

இலவம்பஞ்சோ அடித்த பஞ்சோ வைத்து மெஷினில் தைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். உதிரிப் பஞ்சு ஊசிக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போகும், துவைத்தால் கட்டும். அதைத் தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரு வெயிலுக்குப் பஞ்சு எதுக்கு? நடுவுல பழைய வேட்டி வெச்சா ஆகாதா?

தாராளமாக ஆகும். சித்திரை வைகாசியில் பஞ்சுப் போர்வையை யார் போர்த்துவது? நடுவில் பழைய வேட்டியோ இன்னொரு நூல் சேலையோ வைத்தால் மெல்லியதாக இருக்கும், சீக்கிரம் காயும், ஏ.சி. அறைக்கும் மார்கழிக்கும் போதும்.

டிசைன் விஷயத்திலும் இதில் ஒரு லாபம் உண்டு. நெய்த துணி பஞ்சு மாதிரி பிரிந்து கட்டாது. அதனால் இடைவெளி 8 அங்குலம் வரை போனாலும் கெட்டுப்போகாது. முதல் போர்வைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நெருக்கமா தைச்சா கடையில வாங்கினது மாதிரி இருக்குமே? நூல் எவ்வளவு பிடிக்கும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60க்கு 90 அங்குலப் போர்வை. நீளவாக்கில் 4 அங்குலத்துக்கு ஒரு கோடு என்றால் ஓரத்தை விட்டு 14 கோடுகள், மொத்தம் 1260 அங்குலம், அதாவது சுமார் 32 மீட்டர் தையல். அதையே 1 அங்குல இடைவெளியில் போட்டால் 59 கோடுகள், கிட்டத்தட்ட 135 மீட்டர். மேல்நூலும், அடியிலிருந்து வரும் பாபின் நூலும் சேர்த்துத் தையல் நீளத்தைப்போல இரண்டரை மூன்று மடங்கு பிடிக்கும். முதல் கணக்குக்கு 100 மீட்டருக்குள் முடியும், இரண்டாவதற்கு 400 மீட்டர் தேவைப்படும்.

நூல் விலை பெரிதில்லை. நெருக்கமாகத் தைக்கத் தைக்கப் போர்வை விறைத்துக்கொண்டே போகும் என்பதுதான் விஷயம். சுவரில் மாட்டவோ ஊஞ்சல் பலகையில் விரிக்கவோ என்றால் சரி. உடம்பில் படிந்து கிடக்க வேண்டிய போர்வைக்கு இடைவெளி இருக்கட்டும்.

கட்டம் கட்டமா போடணும்னு ஆசை. நேர்க் கட்டமா, சாய்ந்த கட்டமா?

இரண்டும் எளிதுதான், குணம் வேறு. நேர்க் கட்டம் துணியின் இழையோடு போவதால் துணி இழுபடாது. ஆனால் போர்வை சற்று நிமிர்ந்து நிற்கும். சாய்ந்த கட்டத்தில் போர்வை குழைவாகப் படியும், கண்ணுக்கும் அதுதான் அழகு. ஜாக்கெட்டில் கிராஸ் கட்டிங் வெட்டியவர்களுக்குத் தெரியும், துணி குறுக்கே இழுத்தால் நீளும். சாய்வாகத் தைக்கும்போதும் அதேதான். கையால் துணியை முன்னால் இழுக்காமல் மெஷின் இழுக்கிற வேகத்துக்கு விட்டுக்கொடுங்கள்.

எப்படிப் போட்டாலும் வரிசை முக்கியம். ஒரு திசைக் கோடுகளை முழுவதும் முடித்துவிட்டு அப்புறம் மறு திசைக்குப் போங்கள். நடுக்கோட்டை முதலில் போட்டு, அங்கிருந்து வலப்பக்கம் முழுக்க, பிறகு இடப்பக்கம் முழுக்க. நெருக்கமான கோடுகளில் ஒன்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தைத்தால் துணி எதிரெதிர்த் திசையில் தள்ளப்பட்டு, கோடுகளுக்கு நடுவே சாய்ந்த சுருக்கம் விழும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

கண்டாங்கிக் கட்டத்தின் மேல் சாய்ந்த கட்டம் போடும்போது, நெய்த கட்டங்களின் மூலையிலிருந்து மூலைக்குப் போனால் இதற்கும் வரைய வேண்டியதில்லை. கட்டம் சதுரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நூல் கணக்கு மேலே சொன்னதைப்போல இரண்டு மடங்கு.

கோடு போடாத துணின்னா எதால வரையிறது?

தையல்காரர் சாக்குக்கட்டி போதும், தட்டினால் போய்விடும். அதைவிட நல்லது, வரையாமலே பதிப்பது. ஸ்கேலை வைத்து, கரண்டிக் காம்பின் மழுங்கிய முனையால் அழுத்தி இழுத்தால் பருத்தித் துணியில் மடிப்புக் கோடு விழும். தைத்து முடிக்கும் வரை நிற்கும், துவைக்கவும் வேண்டாம். காகித மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் ஓரமாகத் தைப்பதும் நல்ல வழி. டேப் மேலேயே தைத்துவிடாதீர்கள், ராத்திரி முழுக்க ஒட்டியே விட்டுவிடவும் வேண்டாம்.

தண்ணீரில் போகும் நீலப் பேனா வாங்கினால், கோடு போவதற்கு முன்னால் இஸ்திரி போடக் கூடாது. சூடு பட்டால் கறை நிலைத்துவிடும்.

இணைப்புத் தையல் பள்ளத்துலயே தைச்சிட்டா டிசைனே வேணாமாமே? அதுதான் ரொம்ப ஈஸின்னாங்க.

இதை எல்லோரும் சுலபம் என்கிறார்கள், எனக்கு உடன்பாடு இல்லை. துண்டுகள் சேரும் பள்ளத்தில் தையல் மறைந்து ஓடுவதுதான் இதன் அழகே. ஒரு தையல் மேட்டில் ஏறினாலும் பளிச்சென்று தெரியும். கை பழகாதவர்கள் தைத்தால் பாதி பள்ளத்திலும் பாதி மேட்டிலுமாக ஓடும்.

அதற்குப் பதில் இணைப்புக்குப் பக்கத்தில், பாதத்தின் ஓரத்தை இணைப்பின் மேல் வைத்துக்கொண்டு இருபுறமும் ஒவ்வொரு கோடு ஓட்டுங்கள். சுமார் கால் அங்குலம் தள்ளி வரும். பாதமே அளவுகோல். கொஞ்சம் ஏறி இறங்கினாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஆத்தங்குடித் தரைக்கல்லுல இருக்கிற மாதிரி பூ வரணும். ஆனா கஷ்டமா இருக்கக் கூடாது.

இதைக் கேட்டால் எனக்கே உற்சாகம் வந்துவிடும். நான்கு இதழ்ப் பூவை நேர்க் கட்டத்தின் மேலேயே, நூல் வெட்டாமல் தைக்கலாம். முதலில் 4 அங்குலச் சதுரக் கட்டம் பதித்துக்கொள்ளுங்கள், இது வெறும் அடையாளம்தான், தைக்க வேண்டாம். சுமார் ஐந்தே முக்கால் அங்குல விட்டத்தில் ஒரு தட்டோ டிபன் மூடியோ தேடுங்கள். அந்த வட்டம் சதுரத்தின் நான்கு மூலையையும் தொடும். மூலைக்கு மூலை அந்த வளைவை வரைந்தால், கட்டக் கோட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் இரு பக்கமும் ஒரு வளைவு கிடைத்து இதழாகிவிடும்.

தைக்கும்போது இதழ் இதழாகத் தைக்கக் கூடாது. ஒரு கிடைக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டில் கோட்டுக்கு மேலே வளைந்து போய், அடுத்த துண்டில் கீழே வளைந்து, மறுபடி மேலே என்று அலையாகக் கடைசி வரை போங்கள். மூலையில் திருப்பம் இருக்காது, வளைவு வழுக்கிக்கொண்டு அடுத்த பக்கம் இறங்கும். ஓரத்தில் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்து, பாதத்தைத் தூக்கிப் போர்வையைத் திருப்பி, விட்டுப்போன பக்கங்களின் வழியாகத் திரும்பி வாருங்கள். எல்லாக் கிடைக்கோடும் முடிந்த பிறகு செங்குத்துக் கோடுகள். கடைசிக் கோடு விழும்போது பூக்கள் தாமாகவே நிறைந்திருக்கும்.

கட்டத்தை 4 அங்குலத்துக்குக் குறைக்காதீர்கள். சின்ன வளைவில் பாதம் தடுமாறும். பெரிதாக்கினால் இன்னும் சுலபம், மூடியின் விட்டம் கட்டத்தைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு இருக்க வேண்டும்.

வாசல்ல போடுற சிக்குக் கோலத்தை அப்படியே தைக்கலாமா?

தைக்கலாம், ஆனால் இது முதல் போர்வைக்கான வேலை அல்ல. கோலத்தில் கம்பி புள்ளியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சாதாரணப் பாதத்தில் ஒவ்வொரு சுழிக்கும் போர்வையை முழுசாகச் சுற்ற வேண்டியிருக்கும். அந்த ஆறேழு அங்குல இடத்தில் அது நடக்காது. துணியை இழுக்கும் பற்களை இறக்கிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்காத டார்னிங் பாதம் மாட்டி, கையாலேயே துணியை நகர்த்தித் தைக்க வேண்டும். பல் இறங்காத மெஷினில் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பல்லை மூடும் தகட்டைப் போடலாம். இதில் தையல் நீளம் உங்கள் கை வேகத்தைப் பொறுத்தது. கால் ஒரே சீராக மிதிக்க, கை ஒரே சீராக நகர வேண்டும்.

ஆசை விடவில்லை என்றால் சின்னத் துண்டில் பழகுங்கள். முதலில் சுழிகள்தான், 'ல' எழுத்தைக் கையெடுக்காமல் வரிசையாக எழுதுவதுபோல. அது சீராக வந்த பிறகு கோலம். கோலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விரலால் ஓட்டிப் பாருங்கள், எடுத்த இடத்துக்கே விரல் திரும்பும்போது எல்லாக் கோடும் முடிந்திருந்தால் அது ஒற்றைக் கம்பி. அப்படிப்பட்டதை எடுத்தால் நூல் வெட்ட வேண்டியதில்லை. மற்றவற்றில் கம்பிக்குக் கம்பி நிறுத்தித் தொடங்க வேண்டிவரும்.

நூல் என்ன கலர்?

கோடு நேராக வருமா என்று பயமிருந்தால் துணியோடு கலக்கிற நிறம். பல நிறத் துண்டுகள் என்றால் சந்தன நிறமோ சாம்பலோ. டிசைன் தெரிய வேண்டும் என்று நம்பிக்கை வந்த பிறகு மாறுபட்ட நிறம். அரக்குச் சிவப்புச் சேலையில் வெள்ளை நூல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் சேலையைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை முன்பே அலசிவிடுங்கள், இல்லையென்றால் நூல் ரோஜா நிறமாகிவிடும். கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

அப்பத்தாவோட பட்டுச்சேலைல தைக்கலாமா, ஆச்சி?

பட்டில் ஊசி போன துளை மறையாது, அதனால் பிரித்துத் தைக்கிற பேச்சே இல்லை. மெல்லிய 11 நம்பர் ஊசி, குறைந்த கோடுகள், அகன்ற இடைவெளி. இடைவெளி அகலமாக இருக்க வேண்டும் என்பதால் நடுவில் பஞ்சு வேண்டாம், மேலே சொன்ன வேட்டி முறைதான் சரி. ஜரிகையின் மேல் ஊசி ஓட்டாமல், கரையை ஒட்டி உடல் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்.

முதலில் சேலையை மடிப்பில் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். சரசரவென்று கிழிந்தால் எந்த டிசைனும் அதைக் காப்பாற்றாது. பின்னால் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் ஃப்யூசிங் துணி ஒட்டி, சின்ன விரிப்பாகச் செய்து சுவரில் மாட்டலாம்.

பேரனுக்குத் தைக்கிறேன். எது நல்லது?

சாய்ந்த கட்டம், 3 அங்குலத்துக்குள். நீளத் தையல் வேண்டாம், குழந்தை விரல் மாட்டும். தைக்கும் வரை அடுக்குகளைப் பிடிக்கக் குத்தும் ஊக்குகளைப் போட்டபோதே எண்ணி வைத்து, எடுக்கும்போதும் எண்ணுங்கள். தரையில் விரித்து விளையாடவிடத்தான் இது. ஒரு வயதுக்குள் தூங்கும்போது மேலே போர்த்தவோ பக்கத்தில் வைக்கவோ வேண்டாம்.

அடிப்பக்கம் சுருக்கம் விழுது, நடுவுல வீங்கி நிக்குது. டிசைன் தப்பா?

டிசைன் தப்பில்லை, அடுக்கியது தப்பு. அடித்துணி நாலாபக்கமும் 3 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்று இருந்தால் ஒட்டுப்போடாமலே அகலம் கிடைத்துவிடும். அதை முற்றத்திலோ கூடத்திலோ தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி நிறுத்துங்கள். விறைப்பாக இருக்க வேண்டும், இழுபட்டு இருக்கக் கூடாது. மேலே பஞ்சு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து தொடங்கி, கைப்பிடி அகலத்துக்கு ஒரு ஊக்கு. ஊக்கு போதாவிட்டால் நீட்டு நீட்டாகக் கையால் ஓட்டுத்தையல் போட்டுவிட்டுக் கடைசியில் பிரித்துவிடலாம்.

அப்படியும் சுருங்கினால் பாதம் மேல்துணியைத் தள்ளுகிறது என்று அர்த்தம். தலைத் திருகை இன்னும் தளர்த்துங்கள், அல்லது வாக்கிங் ஃபுட் வாங்குங்கள். அதற்கும் பற்கள் உண்டு, மேல்துணியையும் சேர்த்து இழுக்கும். அடியில் மேல்நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனை, அதாவது மேல்நூலின் பிடியை, இறுக்க வேண்டும், பாபின் நூல் மேலே வந்தால் தளர்த்த வேண்டும். இதையெல்லாம் அதே மூன்று அடுக்கில் ஒரு அடிச் சதுரத் துண்டு செய்து பார்த்துவிட்டுப் போர்வைக்கு வாருங்கள்.

பாதி தைச்சாச்சு, கோடு கோணலா தெரியுது. பிரிக்கவா?

முதலில் எழுந்து நான்கடி தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து தெரியாத கோணலைப் பிரிக்க வேண்டாம். பருத்தித் துணியும் பருத்திப் பஞ்சும் முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கி, போர்வை முழுக்கச் சின்னச் சுருக்கம் விழும். அதில் நிறையக் கோணல் காணாமல் போகும்.

தள்ளி நின்றும் உறுத்துகிறது என்றால், அந்தக் கோட்டை மட்டும் பிரியுங்கள். போர்வையைத் திருப்பிப்போட்டு, அடிப்பக்கம் நாலைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போங்கள். அப்புறம் மேல்பக்கம் திருப்பி நூலை இழுத்தால் நீளமாக வந்துவிடும். துளைகளின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக வருடினால் பருத்தியில் மறைந்துவிடும். காய்ந்த பிறகு, பக்கத்துக் கோடுகள் தொடங்கிய ஓரத்திலிருந்தே அந்தக் கோட்டையும் திரும்ப ஓட்டுங்கள்.